மண் நிறக் கொடி

திறந்திருந்த சவப்பெட்டியின் மேல் வயல்காரர் கிரெக் விரித்துவிட்ட கொடியை விஜயரத்தினம் மாமா அவசர அவசரமாகச் சுருட்டினார். சிட்னிச் சுடலை மண்டபத்தில் ஒதுக்கித் தந்த நேரமே கொஞ்சம். அதிலும் பாதி இந்தக் கொடியோடு போய்விட்டது.

நிரஞ்சினி அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவுஸ்திரேலியக் கொடிதான். மூலைச் சிலுவையும் வெள்ளை நட்சத்திரங்களும் அப்படியே இருந்தன. நீலம் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெடித்த வயல் மண்ணின் நிறம். ஆற்றுத் தண்ணீரைக் குறைக்கப்போகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, நெல் விவசாயிகள் இந்தக் கொடியோடு தெருவில் இறங்கினார்கள். அப்பா சிவசோதியும் அவர்களோடு நின்றார். இலங்கையிலிருந்து படகில் வந்த மனிதருக்கு முதல் வேலை கொடுத்தது கிரெக்தான். போன கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பா விழுந்து உயிரை விட்டதும் கிரெக்கின் வாய்க்கால் கரையில்தான்.

"இவங்களும் தனிநாடு கேக்கிறாங்களோ?" என்று மாமா தணிந்த குரலில் கேட்டார்.

"இல்லை மாமா. தண்ணி கேக்கினம்."

"என்னத்தையோ கேக்கட்டும். ஊரில கொடியால நாங்கள் பட்டது காணும். உன்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, பிள்ளை. ஆரும் படம் எடுத்துப் போட்டா உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. அதுவே ஆத்திரத்தைக் கூட்டியது. சிட்னியிலேயே செவன் ஹில்ஸில் மாடிவீடு கட்டியிருக்கிற மாமா, சொந்தத் தங்கையின் புருஷனை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. இன்றைக்குப் பெட்டியடியில் நின்று சட்டம் கதைக்கிறார். அப்பாவை எந்த நாடு தன் ஆள் என்று சொன்னது? நீயும் பிடி என்று கையில் கொடியைக் கொடுத்தவர்கள் இந்த வயல்காரர்கள் மட்டுந்தான்.

கிரெக் தொப்பியைக் கசக்கியபடி, தான் ஏதும் பிழையாகச் செய்துவிட்டேனா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"தாங்கோ மாமா."

"உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"அப்பா உயிரோட இருக்கேக்க அவற்ற நன்மையைப் பாத்தனீங்களோ?"

அவள் கொடியை வாங்கி, அப்பாவின் நெஞ்சிலிருந்து கால்வரை சுருக்கமில்லாமல் விரித்துவிட்டாள். ஐயர் வாய்க்கரிசி போட வரச்சொன்னார். பின்வரிசையில் ஒரு பொடியன் கைபேசியை உயர்த்திப் படமெடுத்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

பெண்கள் போட்டு முடிய மாமாவின் முறை வந்தது. அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தார். வாய்க்குப் போனது கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் கொடியில் சிதறியது.

மாமா நிமிரவில்லை. மண் நிறத்தின் மேல் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.