பியானோவுக்கு அடியில் அரை மணி நேரம்

ஸ்ருதி பார்க்கும் இசைக்கவையையே சந்தேகப்படும் அளவுக்கு வந்துவிட்டாள் ஸ்ருதிக்காரி. முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தாள். ஒலி சற்று இறங்கியிருந்தது. மறுபடி தட்டினாள், இன்னும் இறங்கியது. பதினெட்டு வருஷமாகப் பையோடு பையாகக் கிடக்கும் எஃகுத் துண்டு, இன்றைக்குப் பார்த்து மாறிவிட்டதாம். "உனக்கும் என்ன கேடு வந்துது?" என்று அதையே திட்டினாள்.

காலை ஆறு மணிக்கு அரங்கத்துக்குள் நுழைந்தவள். இப்போது மணி ஒன்று. இத்தனை நாள் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் இருந்த பியானோக்களுக்குத்தான் ஸ்ருதி சேர்த்திருக்கிறாள். மேடையை அடைத்துக்கொண்டு நிற்கும் இந்தப் பெரிய வாத்தியம் அவள் கைக்கு வந்தது நாத்தனாரால். அரங்கத்தின் சாவிக்கொத்தெல்லாம் நாத்தனார் இடுப்பில்தான். "எங்க அண்ணி காதுக்கு ஈடு கிடையாது சார்" என்று மேனேஜரிடம் மல்லுக்கு நின்று வாங்கித் தந்த வேலை. நாலு மணிக்கு வாசிப்பவர் வந்து தொட்டுப் பார்ப்பார். அவர் முகம் சுளித்தால் பழைய ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் நாத்தனார் அங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அந்தக் கவலையில் அவளும் கால் மணிக்கொரு தரம் சாவி குலுங்க ஓடிவந்து "ஆச்சா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஓடினாள்.

தகராறு உச்ச ஸ்தாயியில் ஒலிக்கும் கட்டைகளில். எத்தனை முறுக்கினாலும் இறங்கியே கேட்டது. இன்னொரு தரம் திருகுசாவியை மாட்டினாள். கம்பி சுற்றிய ஆணி முனகியது. இன்னும் மயிரிழை திரும்பினால் கம்பி அறுந்துவிடும். கை அப்படியே நின்றது.

எஃகு மாறாது. அது மாறாதென்றால் மாறியது எது? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பியும் சரி, கவையும் சரி, ஏழு மணி நேரமாக ஒரே தட்டலைக் கேட்டுக் கேட்டுக் காதுதான் செத்துப்போயிருக்கிறது. அது இறங்கிக் கேட்கக் கேட்க, இவள் கம்பியை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். இனிமேல் செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. திருகுசாவியைக் கீழே வைத்தாள். பையைத் தலைக்கு வைத்துப் பியானோவுக்கு அடியில் நீட்டிப் படுத்துவிட்டாள்.

"ஐயோ, என்ன அண்ணி! மயக்கமா?"

"தூங்கப் போறேன்."

"இப்பவா? மேனேஜர் பாத்தா என் கதை கந்தல்!"

"இப்ப முறுக்கினா நிஜமாவே கந்தல். அரை மணி நேரம் ஒரு ஊசி விழக் கூடாது. போய் வாசல்ல உக்காரு."

"உக்காரவா? எனக்கு எவ்வளவு வேலை கெடக்கு..."

"உன் சாவிச் சத்தம்தான் இங்க பெரிய சத்தம்."

நாத்தனார் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு போனாள். பலகை வாசனை மட்டும் இருந்தது. முதலில் காதுக்குள் நூறு கட்டைகள் தட்டிக்கொண்டிருந்தன, பிறகு பத்து, பிறகு எதுவுமில்லை.

விழித்ததும் கவையைத் தட்டினாள். பழைய சிநேகிதியின் குரல்போல நேராக வந்தது. உச்சிக் கட்டையைத் தொட்டாள். அம்மாடி! கீச்சென்று கத்தியது. ஒன்றிரண்டல்ல, அந்த வரிசை முழுக்க வானத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். காலையில் முழுப் பொழுதையும் தின்ற வேலை, இப்போது ஒன்றரை மணி நேரத்தில் கைக்குள் அடங்கியது.

வாசிப்பவர் வந்தார். உட்காராமலே உச்சிக் கட்டையை மெல்ல மூன்று தரம் தொட்டார். மேனேஜர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் சேர்த்தது?"

"நான்தாங்க."

"இனிமே யாரும் இதைத் தொட வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு வாசிக்கத் தொடங்கினார். ஜெயித்துவிட்டாள். இதை முதலில் நாத்தனாரிடம் சொல்ல வேண்டுமென்று தேடினாள். மேனேஜரும் தேடிக்கொண்டுதான் இருந்தார், பக்கவாட்டுக் கதவின் சாவிக்காக.

நாத்தனார் வாசலை ஒட்டிய கடைசி வரிசையில் இருந்தாள். செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், வாய் லேசாகத் திறந்திருக்க அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பப் போன மேனேஜரைப் பார்த்து ஸ்ருதிக்காரி உதட்டில் விரல் வைத்தாள். அவர் நின்றுவிட்டார். மேடையிலிருந்து உச்சி ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நாத்தனார் வயிற்றின் மேல் சாவிக்கொத்து அவள் மூச்சோடு சத்தமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.