பெருக்காத வீடு

1925ஆம் ஆண்டு தை மாதம் ரங்கூனுக்கு வந்த குளிர், மாசியில் ஊரைவிட்டுக் கிளம்பியபோது பசுண்டாங் கால்வாய் ஓரம் குடியிருந்த நீலாம்பாளின் வீட்டை மட்டும் விட்டுப் போகவில்லை. பதினான்கு மாதம் அங்கேயே இருந்தது. சித்திரை வெயிலில் தெருநாய்கள் நிழல் தேடி அலைய, அவள் வீட்டுத் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் கல்லாக உறைந்து கிடந்தது. தெருவுக்கு முதலில் கொண்டாட்டம்தான். மீன்காரி விற்காத மீனை அங்கே வைத்துவிட்டுப் போவாள். பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவில் நனைந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, பல் தந்தியடிக்கத் திரும்பி ஓடுவார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அரிசி ஆலையில் கொதிகலன் வேலை பார்த்த அவள் புருஷன் இராமையா, தங்கை கல்யாணத்துக்காக அந்தத் தை மாதம் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினான். பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. அவன் படியிறங்கியபோது திறந்த கதவு வழியாகக் காலைப் பனி உள்ளே வந்தது. பெருக்காத வீட்டில் தூசி தங்குவதைப் போல அதுவும் தங்கிவிட்டது. போய்ச் சேர்ந்த கடிதம் பத்து நாளில் வந்துவிடும், பிறகு பெருக்கிக்கொள்ளலாம் என்று நீலாம்பாள் இருந்தாள்.

வந்தது வேறு கடிதம். கல்யாணம் முடிந்தது, அண்ணன் ஏன் வரவில்லை என்று ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள். கப்பல் ஆபீசுக்கு ஓடினாள். குமாஸ்தா ரஹ்மத்துல்லா பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கப்பல் போய்ச் சேரலம்மா. முழுகினதாவும் தகவல் இல்ல" என்றார். அடுத்தடுத்த மாதங்களிலும் அதையேதான் சொன்னார்.

துடைப்பம் மூலையில் சாய்ந்தே கிடந்தது. நீலாம்பாள் குப்பையைக் கையால் பொறுக்கிப் போட்டாள். கதவோரம் இராமையாவின் ஈரக்கால் பதிந்த தடம் ஒன்று உறைந்து கிடந்தது. அதைச் சுற்றியே நடந்தாள். ஒருநாள் மனம் தாளாமல் துடைப்பத்தை எடுத்தபோது பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் பதறிப்போய்ப் பிடுங்கினாள்.

"சேதி வராம தொடாதேடி. பொணம் எடுத்த வீட்டுலதான் ஆள் போனதும் பெருக்குவாங்க."

 அந்தச் சொல்லுக்குப் பிறகு நீலாம்பாள் துடைப்பத்தின் பக்கமே போகவில்லை.

இரண்டாம் வருஷம் பங்குனியில் மகள் தங்கமணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான்கு வயதுப் பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் நீலமாகிவிட்டது. ரத்தினம்மாள் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். குளிர் பிள்ளையின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனது. புருஷனா, பிள்ளையா என்று நீலாம்பாள் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

"பெருக்கப் போறேன்க்கா" என்றாள் நான்காம் நாள் காலையில்.

ரத்தினம்மாள் இந்தத் தடவை பிடுங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீலாம்பாள் பாயை, பானையை, பெட்டியையெல்லாம் வெளியே எடுத்து வெயிலில் வைத்தாள். ஒட்டடை அடித்து, உள் மூலையிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தாள். குளிர் துடைப்பத்துக்கு முன்னால் சுருண்டு சுருண்டு நகர்ந்தது. கட்டிலடியில் பதுங்கியதைக் குனிந்து இழுத்தாள். கடைசியில் காலடித் தடம் மட்டும் மிச்சம். அரை மணி நேரம் நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதையும் பெருக்கினாள். குளிர் வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து கால்வாயில் இறங்கி, நீரோடு கடல் பக்கம் போனதை நாலு பேர் பார்த்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டாள். தலைக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளவில்லை. ஊற்றினால் அவன் செத்தது உறுதியாகிவிடும் என்று பயந்தாள்.

சாயங்காலம் பிள்ளை கஞ்சி கேட்டது. பெருக்கிய ஆறாம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து தந்தி வந்தது. பின்னாலேயே கடிதம்.

நடுக்கடலில் கப்பல் நின்றுவிட்டது என்று இராமையா எழுதியிருந்தான். இயந்திரம் ஓடியது, கப்பல் நகரவில்லை. ஒரு பொழுதுதான் இருக்கும், பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் கிளம்பிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தியே வந்துவிட்டோம் என்று போய்க் கதவைத் தட்டினால், தங்கை இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து திறக்கிறாள்.

உயிரோடு இருக்கிறான் என்று நீலாம்பாள் அழுதாள். பதினான்கு மாதமும் அவனைப் பிடித்து வைத்திருந்தது யார் என்று விளங்கியபோது இன்னும் அழுதாள். ரத்தினம்மாள் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யார் கப்பலேறினாலும் மூன்றாம் நாள் வீட்டைப் பெருக்கிவிடுவது வழக்கமாயிற்று; முதலில் வந்து நினைவூட்டுகிறவள் அவள்தான்.

ஆடியில் இராமையா திரும்பினான். மகளுக்கு அவன் வாங்கி வந்த பாவாடை முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவன் மனக்கணக்கில் அவள் இன்னும் மூன்று வயதுக்காரி. பிள்ளை வளர்ந்ததைப் பார்க்க விடாமல் பண்ணிவிட்டார்களே என்று கப்பல்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினான். நீலாம்பாள் பாவாடையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் மேல் தப்பில்லை என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.