கேட்பதற்கு முன் படிக்கவும்

இம்தியாஸ் போன் செய்தபோது நாகவேணி எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். கணவன் வீரேஷ் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. துக்கம் விசாரிக்கும் போன்கள் நின்றுபோய், பள்ளிக்கூடத்திலும் எல்லாரும் அவளிடம் பழையபடி பேசத் தொடங்கியிருந்தார்கள். அவளும் பழையபடி பதில் சொன்னாள். சொல்லி முடித்ததும் என்ன சொன்னோம் என்பது நினைவிருக்காது.

"பாபி, உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான் ஒரு வாரமா சும்மா இருந்தேன். இப்ப வேற வழி இல்ல. அண்ணன் எழுதின புரோகிராம் கெட்டுப்போச்சு."

ஹூப்ளியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் இம்தியாஸ் தலைமை டெக்னீஷியன். வீரேஷை அண்ணன் என்றும் நாகவேணியைப் பாபி, அதாவது அண்ணி, என்றும் கூப்பிடுவான். எட்டு இயந்திரம், நாற்பத்தாறு நோயாளிகள். யார் எந்தக் கிழமை, எந்த இயந்திரம் என்று கணக்கு வைத்து, முந்தின நாளே அவரவர் போனுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராம் ஒன்றை வீரேஷ் ஆறு வருடம் முன்பு இலவசமாக எழுதிக் கொடுத்திருந்தான். போன வாரம் மையத்தின் பழைய கம்ப்யூட்டர் செத்து, புதிது வந்தது. அன்றிலிருந்து தேதிகள் தாறுமாறு.

நாகவேணி போய்ப் பார்த்தாள். நவலகுந்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு விவசாயி, வீங்கிய காலைப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமைக்காரர். திங்கட்கிழமை வரச்சொல்லிச் செய்தி போயிருந்தது. அவருடைய இயந்திரத்தில் வேறொருவர் படுத்திருந்தார்.

"நாளைக்கு மறுபடியும் வரணுமா தாயி?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அவளை டாக்டர் என்று நினைத்துவிட்டார்.

"கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

இம்தியாஸ் நாற்பத்தாறு பேருக்கும் தானே போன் செய்து, நோட்டில் எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "கம்ப்யூட்டர் கடைக்காரன் வந்து பார்த்தான் பாபி. முதல்லேர்ந்து புதுசா எழுதணும், மூணு மாசம் ஆகும்ங்கறான். மூணு மாசம் எப்படித் தாங்கும்? நேத்து ஒரு அம்மாவ மூச்சுத் திணறலோட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்."

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே."

"அது தெரியும். ஆனா அண்ணனோட கம்ப்யூட்டர் உங்க வீட்டுலதானே இருக்கு?"

இருந்தது. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தாள். மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காலையில் டீ போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

வீரேஷ் தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் ஏதோ ஓர் இணைய மன்றத்தில் தட்டிக்கொண்டிருப்பான். புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் இடம் என்று ஒருமுறை சொல்லியிருந்தான். அதற்கு மேல் அவளும் கேட்டதில்லை. அங்கே தன் பெயரில் புதிய கணக்கு தொடங்கி, ஆங்கிலத்தில் எழுதினாள். 'என் கணவர் எழுதிய புரோகிராம் தேதியைத் தவறாகக் காட்டுகிறது. நோயாளிகள் கஷ்டப்படுகிறார்கள். அவசரம். யாராவது உதவுங்கள்.'

பத்து நிமிடத்தில் கேள்வி மூடப்பட்டது. விவரம் போதாது என்று ஒரு வரி. அடியில், 'கேட்பதற்கு முன் படிக்கவும்' என்று ஒரு சுட்டி.

அழுத்தினாள். நீளமான குறிப்பு. எழுதியவர் பெயர் வீரேஷ் ஹிரேமட்.

'உங்கள் அவசரம் உங்களுடையது. எங்களிடம் அதைக் காட்டாதீர்கள். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள். கதை வேண்டாம்.'

அவன் குரல்தான். மளிகைச் சீட்டு எழுதும்போதுகூட அப்படித்தான் பேசுவான். அவன் பெயரை அழுத்தியதும் பதினோரு வருடப் பதில்கள் வந்து விழுந்தன. நாலாயிரத்துக்கு மேல். கீழே கீழே போனாள். சில பதில்கள் அவ்வளவு பொறுமையாக இருந்தன. சிலவற்றில், 'இதைக் கேட்குமுன் மூளையை எடுத்து வைத்துவிட்டு வந்தீர்களா?' என்றிருந்தது. யாரோ ஒரு பெண்ணிடம், 'இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவராது' என்றிருந்தது. பெருமையும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. விடைத்தாள் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே போனாள்.

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு மையத்துக்குப் போனாள். குறிப்பில் சொன்னபடியே செய்தாள். இம்தியாஸ் நோட்டைப் படிக்க, திரையில் இருந்ததை அவள் எழுதினாள். போட்ட தேதி ஒரு கட்டத்தில், காட்டும் தேதி அடுத்த கட்டத்தில், என்றைக்குப் பதிவு செய்தது என்பது மூன்றாவதில். முப்பது பேர் முடிந்ததும் பென்சிலை நிறுத்தினாள்.

"இம்தியாஸ், எல்லாமே தப்பா இல்ல. புது மெஷின் வந்தப்புறம் போட்டது சரியா இருக்கு. அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் ஒரு நாள் முன்னாடி காட்டுது."

"அட ஆமா! எனக்கு இது தோணவே இல்லையே பாபி."

அந்த அட்டவணையை அப்படியே மன்றத்தில் போட்டு மறுபடியும் கேட்டாள். கணவர், நோயாளிகள் எதையும் சொல்லவில்லை. இந்த முறை யாரும் மூடவில்லை. கால் மணியில் தோயிபி என்கிறவளிடமிருந்து பதில் வந்தது. 'அருமையான அட்டவணை. புது கம்ப்யூட்டர் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.' எங்கே பார்ப்பது என்று நாகவேணி கேட்டதும், போன் நம்பரே கொடுத்துவிட்டாள். மணிப்பூரில், இம்பாலில் இருந்தாள்.

"கடிகாரத்துப் பக்கத்துல அமைப்புன்னு இருக்கும் பாருங்க. அதுல ஊர் பேர் என்ன போட்டிருக்கு?"

"லண்டன்."

"ஆனா மணி நம்ம மணியைக் காட்டுதா?"

இம்தியாஸ் தலையைச் சொறிந்தான். "வந்த அன்னிக்கு மணி தப்பா இருந்துச்சு. நான்தான் கையால திருப்பி வச்சேன்."

போனில் தோயிபி வாய்விட்டுச் சிரித்தாள். "உலகம் பூரா எல்லாரும் அதைத்தான் பண்றாங்க, விடுங்க. ஊர மாத்தாம மணிய மட்டும் மாத்திட்டீங்க. நம்ம ஊர் நடுராத்திரி பன்னிரண்டுன்னு பழைய மெஷின் எழுதி வச்சிருக்கு. லண்டன் கணக்குல அது முந்தின நாள் சாயங்காலம். அதான் ஒரு நாள் குறையுது. முதல்ல எல்லாத்தையும் ஒரு நகல் எடுங்க. எடுத்தாச்சா? இப்ப ஊர மாத்திட்டு மணிய மறுபடியும் சரி பண்ணுங்க."

மாற்றினார்கள். திரையில் நவலகுந்துக்காரரின் பெயர் செவ்வாய்க்கிழமைக்குப் போய் உட்கார்ந்தது. இம்தியாஸ் நாற்பத்தாறு பேரையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொரு தடவை இப்படி ஆகாம இருக்க புரோகிராம்லயே ஒரு வரி சேர்க்கலாம்" என்றாள் தோயிபி. நாகவேணி வீட்டுக்கு வந்து, வீரேஷின் கம்ப்யூட்டரில் புரோகிராம் இருந்த பக்கத்தைத் தேடி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. குரல் மாறியிருந்தது.

"இச்சே, எங்க ஊர்ல அக்காவ அப்படித்தான் கூப்பிடுவோம், இது யார் எழுதினது? ஓரத்துல இப்படிக் கடுகடுன்னு குறிப்பு எழுதறவர் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்."

"என் வீட்டுக்காரர். வீரேஷ். ஆகஸ்ட்ல போயிட்டார்."



"பொய் சொல்ல வரல. எனக்கு அவரப் பிடிக்காது" என்றாள் தோயிபி. "இந்தத் தொழில் உனக்கு ஒத்துவராதுன்னு எல்லார் முன்னாடியும் எழுதினார். ஒரு மாசம் கம்ப்யூட்டரத் தொடல. ஆனா அதுக்குக் கீழயே என் தப்பு எங்கன்னும் எழுதியிருந்தார். அது சரியாத்தான் இருந்துச்சு."

"படிச்சேன்" என்றாள் நாகவேணி. "எனக்கும் அவரப் பல நாள் பிடிக்காது."

தோயிபி சிரித்தாளா அழுதாளா என்று புரியவில்லை. "நீங்க எப்படி இருக்கீங்க இச்சே?"

"தெரியல. சாப்பிடறேன். ஸ்கூலுக்குப் போறேன்."

"சரி" என்றாள் தோயிபி. காலம் ஆற்றும் என்றெல்லாம் சொல்லவில்லை. அது நாகவேணிக்கு வசதியாக இருந்தது.

நாகவேணியின் சம்மதத்தோடு வீரேஷ் இறந்த செய்தியை மன்றத்தில் போட்டார்கள். நூற்றுக்கும் மேல் பதில் வந்தது. அவரால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று ஒருவர். என்னை அவமானப்படுத்தினார், ஆனாலும் வருந்துகிறேன் என்று இன்னொருவர். இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தாள். பிரேசிலிலிருந்து ஒருவன், வீரேஷ் தனக்கு எழுதிய பதிலின் சுட்டியைக் கொடுத்திருந்தான். மூன்று பக்கம். ஒரு கடுஞ்சொல் இல்லை. தெரியாததைக் கேட்பதில் தவறில்லை, மெதுவாகப் போவோம் என்று தொடங்கியிருந்தது.

தேதியைப் பார்த்தாள். மூன்று வருடம் முன்பு, மார்ச் பதினாலு, காலை ஒன்பது நாற்பது.

அன்று அந்த நேரத்தில் அவள் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும், வெளியே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, 'ஒண்ணும் ஓடல, சும்மா உட்கார்ந்திருந்தேன்' என்றான். அவளிடம் அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு தைரிய வார்த்தை சொன்னதில்லை.

காது சூடாயிற்று. ஐந்து மாதத்தில் முதல்முறையாக உடம்பில் ஏதோ நடந்தது. "முன்பின் தெரியாதவனுக்கு மூணு பக்கம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "எனக்குச் சொல்ல ஒரு வரி இல்லயா உன்கிட்ட?"

பக்கத்து மேஜையில் சமூக அறிவியல் ஆசிரியை கங்கவ்வா திரும்பிப் பார்த்தாள். "என்னடி, யார்கிட்ட பேசற?"

"அவர்கிட்டதான். திட்டறேன்."

கங்கவ்வா தன் டப்பாவைத் திறந்து, ஒரு சோள ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து நீட்டினாள். நாகவேணி வாங்கிக்கொண்டாள். அந்த மூன்று பக்கத்தை மறுபடியும் மேலிருந்து படித்தாள். நடுவில் ஓரிடத்தில் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை எழுதியிருந்தான், அவன் வழக்கமாகச் செய்யாத தப்பு. தியேட்டர் கதவைப் பார்த்துக்கொண்டே எழுதியிருப்பானோ என்று நினைத்தாள். நினைத்தும் கோபம் தணியவில்லை. மணி அடித்தது. ரொட்டியை மென்றபடியே எட்டாம் வகுப்புக்கு எழுந்து போனாள்.