அரங்கத்துக்குக் கீழே

ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் பனி அரங்கத்தின் மரப்படிகளைச் சுத்தம் செய்வது சைமாவின் வேலை. நிலக்கடலைத் தோல், நசுங்கிய காகிதக் கோப்பைகள், துப்பிய புகையிலை எல்லாம் குளிரில் பலகையோடு இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும். துடைப்பத்துக்கு வராது. மண்டியிட்டுச் சுரண்ட வேண்டும். அவளோடு டெலியாவும் சுரண்டுவாள். கீழ்ப்படிகளுக்கு வர வர இருவருக்கும் கண்ணில் நீர் வழியும். பனித்தளத்தை உறையவைக்கும் அம்மோனியா அடியில் எங்கோ கசிந்துகொண்டே இருந்தது.

"ஜெயிச்சது அவனுங்க, அழுவுறது நாம," என்பாள் டெலியா.

செம்புச் சுரங்கங்கள் மூடிக் கிடந்த முப்பதுகளில், அரசாங்கத்தின் நிவாரண வேலையாக ஊர் ஆண்கள் கட்டிய அரங்கம் அது. பைன் மரங்களை அவர்களே காட்டில் வெட்டி இழுத்து வந்தார்கள். கூரை வளைவுகளைத் தூக்கி நிறுத்தியவர்களில் சைமாவின் அப்பாவும் ஒருவர். அந்தக் காலத்தில் இயந்திரம் எதுவும் கிடையாது. பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டால் ஏரிக்காற்றே தண்ணீரை உறையவைத்துவிடும். பிறகு ஊரிலிருந்த பல்கலைக்கழகத்தின் பனி ஹாக்கி அணி வெல்லத் தொடங்கியது. வெளியூர்களிலிருந்து கூட்டம் வந்தது. மூடிப்போன ஒரு பீர் ஆலையின் குளிரூட்டும் இயந்திரங்களை வாங்கி வந்து படிகளுக்கு அடியில் பொருத்தினார்கள்.

அந்த இயந்திர அறையில் வேலை பார்த்தவன் சைமாவின் கணவன் வைனோ. மேலே, ஆட்ட இடைவேளைகளில் பனித்தளத்தை இழைத்து வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டியவன் அவள் தம்பி ருடி. அவன் வண்டியை வளைத்துத் திருப்பும்போது மாணவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். வைனோவின் பெயர் எந்த மாணவனுக்கும் தெரியாது.

அந்தக் குளிர்காலத்தில் கசிவு அதிகமானது. குழாய் இணைப்புகள் துருப்பிடித்திருந்தன. அவசரத்துக்குச் சுவரில் மாட்டியிருந்த முகமூடியில் நச்சுக்காற்றை வடிகட்டும் மருந்துக் குப்பி எப்போதோ காலாவதியாகியிருந்தது. வைனோ ருடியையும் கூட்டிக்கொண்டு பென்ரோஸின் அறைக்குப் போனான். பல்கலைக்கழகக் கட்டடங்கள் எல்லாம் பென்ரோஸின் பொறுப்பில் இருந்தன. அவருடைய அப்பா சுரங்கத்தில் அதிகாரியாக இருந்தவர். வைனோவின் அப்பா அவருக்குக் கீழே பாறை உடைத்தவர். பென்ரோஸ் இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. புதிய அரங்கம் எழும்பிக்கொண்டிருக்கும்போது பழையதற்கு ஒரு ஆணிகூட வாங்க முடியாது என்றார். புதிய முகமூடி கேட்டதற்கும் அதே பதில்தான்.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல், ஊர்ப் பள்ளிச் சிறுமிகள் சறுக்கிப் பழகிக்கொண்டிருந்தபோது இணைப்பு ஒன்று வெடித்தது. படிகளின் இடுக்குகளில் வெள்ளைப் புகை கிளம்பியது. ருடி வண்டியை அப்படியே விட்டுவிட்டு, சிறுமிகளைச் சறுக்குக் காலணிகளோடு தூக்கியும் இழுத்தும் வெளியே பனியில் கொண்டுபோய்ப் போட்டான். வைனோ உள்ளே போனான். வால்வை மூடாவிட்டால் மொத்த அம்மோனியாவும் மேலே ஏறிவிடும். முகமூடியைப் போட்டுக்கொண்டான். இரண்டு மூச்சுக்குமேல் அது தாங்கவில்லை. கழற்றி எறிந்துவிட்டு ஈரத்துணியை வாயில் அழுத்திக்கொண்டு வால்வை மூடினான். தவழ்ந்துதான் வெளியே வந்தான். செய்தி கேட்டு ஓடி வந்த சைமா வாசல் படிக்கட்டில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைப் பனியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் தோல் உரிந்து வந்தது.

உயிர் பிழைத்தான். நுரையீரல் பிழைக்கவில்லை. வசந்தத்தில் வீட்டுக்கு வந்தபோது கட்டிலிலிருந்து அடுப்பங்கரைக்கு நடக்கவே நடுவில் ஒரு நாற்காலி வேண்டியிருந்தது.

விசாரணை பென்ரோஸின் அறையிலேயே நடந்தது. முகமூடி நல்ல நிலையில் இருந்தது, தொழிலாளி அதைக் கழற்றி எறிந்தது அவருடைய சொந்தக் கவனக்குறைவு என்று முடிவு செய்தார்கள். சாட்சி சொன்னது ருடி. புதிய முகமூடி கேட்டு யாரும் வந்ததாகத் தனக்குத் தெரியாது என்றும் சொல்லியிருந்தான். பல்கலைக்கழகம் எதுவும் தர வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை சைமா கொல்லையில் சவுனா என்ற நீராவிக் குளியலறைக்கு விறகு பிளந்துகொண்டிருந்தாள். அடுத்தடுத்த வீடுகள், வாராவாரம் இரண்டு குடும்பமும் அந்த ஒரே சவுனாவில்தான் முறைவைத்துக் குளிக்கும். ருடி துணியில் சுற்றிய மான்தொடையோடு வந்து நின்றான்.

"அக்கா, மச்சானுக்கு சூப் வச்சுக் குடு."

அவள் கோடரியை நிறுத்தவில்லை. "முகமூடி நல்லாருந்துச்சுன்னு சொன்னியாமே."

"கேட்டாங்க. சொன்னேன்."

"நீயும் அவரும் சேந்துதானடா போய்ப் புதுசு கேட்டீங்க."

ருடி கறியைக் கைமாற்றிக்கொண்டான். "நான் என்ன சொல்லியிருந்தாலும் அந்த ஆளு ஒண்ணும் குடுத்திருக்க மாட்டான்க்கா. உண்மையச் சொல்லியிருந்தா எனக்கும் வேலை போயிருக்கும். சுரங்கமும் இல்ல. ரெண்டு வீட்லயும் அடுப்பு அணைஞ்சிருக்கும். இப்ப ஒண்ணாவது எரியுதில்ல."

"எது, ஒன் வீட்டு அடுப்பா?"

"உங்களையும் பாத்துக்குவேன்."

"என் புருஷன் நெஞ்சப் பொசுக்கி ஒன் அடுப்பை எரியவிட்டுக்கிட்ட. அதுல வேகுறது எங்களுக்கு வேணாம்."

"மச்சானை ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன்."

"உள்ள கால வச்சின்னா, இப்ப கையில என்ன இருக்கோ அதால பேசுவேன்."

சத்தம் போடாமல் சொன்னாள். ருடி கறியை விறகுக்கட்டின்மேல் வைத்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு நடந்துபோய், அடுத்த வாசலில் நின்ற அவன் காரின் இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அன்று முதல் சவுனாக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. அவன் பிள்ளைகளையாவது குளிக்க விடு, அவர்கள் என்ன செய்தார்கள் என்று வைனோ மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். அவள் கேட்கவில்லை. ருடியின் சின்ன மகள் துண்டோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்போதும் சாவியை எடுக்கவில்லை.

ஊர் அவள் பக்கம் நிற்கவில்லை. அணி அந்த ஆண்டு நன்றாக ஆடியது. தேவாலயத்தில் பிரார்த்தனைக்குப் பின் காபி குடிக்கும்போது, பல்கலைக்கழகம் இல்லாவிட்டால் இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று பெண்கள் அவள் காதுபடப் பேசினார்கள். அவள் கோப்பையை வைத்துவிட்டு வந்தாள். அதன்பின் அங்கே போகவில்லை.

கோடையில் பென்ரோஸ் கூப்பிட்டனுப்பினார். மிகவும் மரியாதையாகப் பேசினார். புதிய அரங்கத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை உண்டு, பழைய விஷயத்தைக் கிளறாமல் இருந்தால் போதும் என்றார். அங்கே மேற்பார்வை ருடி என்பதையும் சொன்னார். அவரை வைது தீர்க்க வேண்டும் என்றுதான் அவள் போயிருந்தாள். வைனோவுக்கு மருந்து வாங்க வேறு வழியில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னாள்.

புதிய அரங்கில் இருக்கைகள் சிமெண்ட் படிகளில் இருந்தன. குப்பை எளிதாக வந்தது. ருடி எதிரில் நின்று வேலை சொன்னால் அவள் டெலியாவின் பக்கம் திரும்புவாள். "ஒங்க மேஸ்திரி என்னவோ சொல்றாரு, என்னன்னு கேளு." டெலியா கேட்டுச் சொல்வாள். ருடி இரண்டு முறை "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். மூன்றாவது முறை மற்றவர்கள் முன்னால், "இந்தாம்மா, வேலைக்கு வந்தா வேலையப் பாரு," என்றான். அதன்பிறகு அவனும் டெலியா வழியாகவே பேசினான்.

நவம்பரில் பழைய அரங்கத்தை இடித்தார்கள். வைனோ பார்க்க வேண்டும் என்றான். குளிர்காற்று பட்டால் அவனுக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும் என்பதால் சைமா காரை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரை ஓடவிட்டாள். ஊரே திரண்டிருந்தது. வாத்தியக்குழு வாசித்தது. கூரை வளைவுகளில் கட்டிய இரும்புக் கயிறுகள் இரண்டு புல்டோசர்களுக்கு நீண்டிருந்தன. பெரிய மனிதர்கள் வரிசையில் பென்ரோஸுக்குப் பக்கத்தில் ருடி மஞ்சள் தலைக்கவசத்தோடு நின்றான்.

ஒரு மாணவி கண்ணாடியைத் தட்டிச் சிரித்து, இரண்டு கோப்பை சூடான ஆப்பிள் சாற்றை நீட்டினாள். சைமா கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, வேண்டாம் என்று சொல்லி உடனே ஏற்றினாள். அந்த இடுக்கில் நுழைந்த காற்றுக்கே வைனோ இருமத் தொடங்கினான்.

பல்கலைக்கழகத் தலைவர் ஒலிபெருக்கியில் அரங்கத்தின் வரலாற்றைச் சொன்னார். வென்ற கோப்பைகளைச் சொன்னார். பயிற்சியாளர்களின் பெயர்களைச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் இந்தக் கூரையின் கீழ் ஓர் உயிருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை, அதற்குக் கடவுளுக்கு நன்றி என்று முடித்தார்.

புல்டோசர்கள் நகர்ந்தன. வளைவுகள் ஒருமுறை முனகி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. தூசி எழுந்து கூட்டத்தின் தலைக்குமேல் பரவியது. எல்லோரும் கை தட்டினார்கள். கம்பளிக் கையுறை போட்ட கைகள். நூற்றுக்கணக்கான கைகள் சேர்ந்தும் பிரிந்தும் அடித்துக்கொண்டன, சத்தமே வரவில்லை. மூடிய காருக்குள் வைனோ மூச்சை இழுக்கும் ஓசை மட்டும் கேட்டது.