கரண்டு போன பிறகும்

கரண்டு போகும்போது ஒன்றும் செய்யாது. திரும்பி வரும்போதுதான் குடியைக் கெடுக்கும். இதை எத்தனையோ வீட்டில் சொல்லிவிட்டேன், ஒருத்தர் காதிலும் ஏறியதில்லை. கோடை மழைக்குக் காற்று கிளம்பினால் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மூடியைத் திறக்காமல் இருந்தால் உள்ளே குளிர் நாலு மணி நேரம் தாங்கும். போன சித்திரையில் திருப்பனந்தாள் பக்கம் ஒரு வீட்டில் நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கரண்டு போனது. போனது வோல்டேஜ் எகிறிக்கொண்டு திரும்பி வந்து, என்னுடைய இரண்டு பெட்டியில் ஒன்றின் கம்ப்ரசரைப் புகைய வைத்துவிட்டது. பெட்டி மட்டமான பெட்டி என்று அந்த வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார்.

இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டியைச் சொல்கிறேன். அதை வாடகைக்கு விடுவதுதான் என் பிழைப்பு. செவ்வந்தி என்றால் பாபநாசத்தில் யாருக்கும் தெரியாது, ஐஸ் பெட்டிக்காரம்மா என்றால் உடனே வழி சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார்கள், நான் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வார்கள். போகட்டும். அந்த வைகாசியில் என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெட்டி. அதுவும் போனால் மறுபடி களை பறிக்கத்தான் போக வேண்டும்.

அந்தப் பெட்டியைத்தான் சாரங்கபாணி ஐயா வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர்களுடையது. என் மாமனார் வாசலோடு நின்று நெல் வாங்கிக்கொண்டு திரும்பிய வீடு. நான் கூடம் வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகன் பிரபு மஸ்கட்டிலிருந்து மறுநாள் காலை வந்து கொள்ளி வைக்க வேண்டும். அதுவரை ஐயாவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

மகள் வானதி பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்திருந்தாள். கம்ப்ரசர் ஓய்வெடுக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டு என்னைப் பார்த்தாள்.

"சத்தம் நின்னுடுச்சு."

"குளிர் போதும்னா அதுவே நிக்கும்மா. கொஞ்ச நேரத்துல அதுவே ஓடும்."

"ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் ஒரு சத்தம் வந்துகிட்டே இருந்துச்சு" என்றாள். "மூச்சு மெஷின். இனிமே ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னாரு. அண்ணன் போன்ல, நீயே பாத்து முடிவு பண்ணுன்னு வச்சுடுச்சு. நான்தான் எடுத்துடுங்கன்னு சொன்னேன். எடுத்தாங்க. சத்தம் நின்னுச்சு."

மாலையைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிற மாதிரி எழுந்துகொண்டேன்.

நாலு மணிக்கு மேல் மேற்கே கருத்தது. தென்னை மட்டை ஒன்று கூரைத் தகரத்தில் விழுந்தது. ஷாமியானா பிய்த்துக்கொண்டு போகிறது என்று வாசலில் கூச்சல். நான் நேரே சுவரிலிருந்த பிளக்குக்குப் போனேன்.

வானதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க."

"இடி இறங்குதும்மா. பெட்டி போயிடும்."

"எடுக்காதீங்க. இன்னொரு தடவ என்னால முடியாது."

ஐயாவின் தம்பி ரெத்தினம் வேட்டியை மடித்துக் கட்டியபடி குறுக்கே வந்தார். "ஏம்மா, கரண்டு தானா போறப்ப போகட்டும். நாம ஏன் நம்ம கையால நிறுத்தணும்? பாவம் யாரு சுமக்கிறது?" சொல்லிவிட்டு ஷாமியானாவைப் பிடிக்க ஓடிவிட்டார். கூடத்திலிருந்த மற்றவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். சாவு வீட்டுப் பெட்டியை நிறுத்தின கை என்று பேர் வாங்க யாருக்கும் விருப்பமில்லை. என் பெட்டி எரிந்தால் மட்டும் பாவம் இல்லை போலிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அவள் கையை உதறியிருப்பேன். அவளுடைய இன்னொரு கை பெட்டியின் மேலேயே இருந்ததால் உதறவில்லை.

அதற்குள் கரண்டு போய்விட்டது. ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது. பெட்டியும் நின்றது.

ஆனால் சத்தம் நிற்கவில்லை.

முதலில் மழை என்றுதான் நினைத்தேன். மழை இன்னும் விழவில்லை. பெட்டிக்குள்ளிருந்து வந்தது அது. இழுத்தது, நின்றது, விட்டது. மறுபடி இழுத்தது. என் பெட்டியின் இரைச்சலை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன், அது ஒரே சீராக ஓடும். இது அது இல்லை. குனிந்து கண்ணாடி வழியே பார்த்தேன். ஐயா அப்படியே இருந்தார். தாடையைச் சுற்றிய நாடிக்கட்டு அசையவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"உங்களுக்குக் கேக்குதா?" என்றாள் வானதி.

"ம்."

"ஆஸ்பத்திரில கேட்டது இதான்."

எந்த நிமிஷமும் கரண்டு எகிறிக்கொண்டு வரும். பிளக் கையெட்டும் தூரத்தில் இருந்தது, அவளும் என் கையை விட்டிருந்தாள். நான் தொடவில்லை. என்னால் தொட முடியவில்லை. பிணத்துக்குப் பயந்து பிழைக்க முடியாத தொழில் இது. ஆனால் மூச்சு விடுகிற ஒருவரிடமிருந்து பிளக்கைப் பிடுங்க யாருக்குக் கை வரும்? பெட்டி போனால் போகட்டும் என்றே நினைத்துவிட்டேன். அப்போதுதான் அவளுடைய ஆஸ்பத்திரி எனக்குப் புரிந்தது.

வானதி எழுந்தாள். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "இவங்க பொழப்புப்பா" என்றாள் மெதுவாக. "போதும்ப்பா."

பிளக்கை அவளே பிடுங்கினாள். சத்தம் நின்றது.

அவள் வயரைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் கரண்டு வந்தது. ஃபேன் வெறிபிடித்துச் சுற்றியது. சாமி படத்துக்கு மேலிருந்த பல்பு வெடித்தது. தெருவில் எந்த வீட்டிலோ டிவி போய்விட்டது என்று பின்னால் சொன்னார்கள். பிறகு மழை கொட்டியது. கொஞ்சம் விட்டதும், மறுபடி கரண்டை நம்பாமல், வண்டியிலிருந்து ஜெனரேட்டரை இறக்கி, கொட்டகையில் வைத்து ஓட்டினேன். பெட்டி தன் பழைய குரலில் ஓடியது. என் பிழைப்பு தப்பித்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

வானதி இப்போது பெட்டியைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில மூச்சு இருந்துச்சோ? நாந்தான் நிறுத்திட்டேனோ?"

இல்லை என்றால் நம்ப மாட்டாள். நானும் கேட்டவள்தானே.

"அம்மா, கரண்டு போன பொறவும் ஃபேன் கொஞ்சம் சுத்தும்ல? அதே மாதிரி, ஸ்டெபிலைசர்ல மிச்சம் கொஞ்சம் தங்கும். மோட்டாரு அதுல இழுத்து இழுத்து ஓடும். நீங்க பிளக்க எடுத்தீங்க, வடிஞ்சிடுச்சு. அவ்வளவுதான். வயர்ல வந்ததுதான் வயர எடுத்தா நிக்கும். ஆஸ்பத்திரியிலயும் அதான்."

"நெசமாவா?"

"எத்தன வீட்ல பாத்துருக்கேன்."

அவள் அழுதாள். வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. அழுது ஓய்ந்து, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

நான் தூங்கவில்லை. ஸ்டெபிலைசரில் எந்த மிச்சமும் தங்காது. அவள் பிடுங்கிய வயரில் அப்போது கரண்டே இல்லை.