நினைக்கும் முன் வரும் ஜீப்

குடவாசலுக்குக் கிழக்கே மதகூரில் ஒரு மனிதரின் ஒரு பகல் சுதந்திரம் எண்பது ரூபாய்க்குப் போகிறது: ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம், ஒரு தண்ணீர் பாட்டில். எதிர்க்கட்சியின் ஒன்றியச் செயலாளர் இளையபெருமாளுக்கு இப்போதெல்லாம் அந்தப் பொட்டலம், போராட்டம் என்ற எண்ணம் அவர் மனதில் முளைப்பதற்கு அரை நாள் முன்பே கிடைத்துவிடுகிறது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. மறியலன்று காலையில் போலீஸ் ஜீப் வரும், கல்யாண மண்டபத்தில் அடைத்துப் பொட்டலம் கொடுப்பார்கள், ஆறு மணிக்குக் கோபம் ஆறியபின் விடுவார்கள். முன்னெச்சரிக்கைக் கைது என்று பெயர். பிறகு முந்தின நாளே வந்தது. அடுத்த வருடம் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் வந்தது. யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்று இளையபெருமாள் முடிவுகட்டினார். போனைப் பத்தாயத்து நெல்லுக்குள் புதைத்தார். மனைவி மலர்க்கொடியிடம் பேசுவதை நிறுத்தினார். அந்த அம்மாள் அதைக் கவனிக்கவே ஒரு மாதமாயிற்று. யூரியா தட்டுப்பாட்டைக் கண்டித்து உண்ணாவிரதம் என்பதை மட்டும் இளையபெருமாள், பம்பு செட் கடை முகம்மது யூசுபிடம், மோட்டார் ஓடுகிற சத்தத்தில் காதோடு காதாகச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் ஜீப் நின்றது. முப்பது வருடச் சிநேகிதம் அன்றோடு முறிந்தது. மகள் ஃபஹ்மிதாவின் நிக்காஹ் பத்திரிகையோடு யூசுப் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் இளையபெருமாள் கதவுக்குப் பின்னால் நின்று, "அவர் ஊர்ல இல்லைங்க" என்று தன் குரலிலேயே சொல்லி அனுப்பினார்.

நிக்காஹ் நாள் காலையில் இளையபெருமாளுக்கு ஒரு குறையும் இல்லை. குறுவைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஜீப் வந்தது. போலீஸ் கொண்டுவந்த கைதுத் தாளில், ஆறாம் மதகை அடைத்ததைக் கண்டித்து மறியல் செய்ய முயன்றதாக அச்சாகியிருந்தது.

"மதகு தொறந்துதானே கெடக்கு, சார்? நான் அப்படி நெனைக்கவே இல்லையே."

"சாயங்காலம் நெனைப்பீங்க, ஏறுங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் பஞ்சநதம். ஸ்டேஷன் பிரின்டர் மூன்று வருடமாக இந்தத் தாள்களைத் தானாகவே அடிக்கிறது, ஒயரைப் பிடுங்கியும் நிற்கவில்லை, தாள் வைப்பது மட்டும்தான் தங்கள் வேலை என்று வழியில் விளக்கினார்.

ஊரில் இருப்பது ஒரே மண்டபம். மேலே நிக்காஹ் நடந்தது, கீழே சாப்பாட்டுக் கூடத்தில் கைதி உட்கார்ந்திருந்தார். யூசுப் பிரியாணித் தட்டோடு இறங்கி வந்தார்.

"பத்திரிகை வெச்சா வரமாட்டீங்க. கவர்மென்ட் வண்டி அனுப்பினாத்தான் வருவீங்களோ, தலைவரே?"

இளையபெருமாள் தாளை நீட்டினார். யூசுப் இரண்டு முறை படித்தார்.

"இதை எப்பங்க எங்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலை பாய். எனக்கே காலையிலதான் தெரியும்."

"நீங்க நெனைக்காததையும் நான்தான் போய்ச் சொன்னேனா?" யூசுப் தட்டை அவர் முன்னால் நகர்த்தினார். "ஆறுது. சாப்பிடுங்க."

மன்னிப்புக் கேட்க இளையபெருமாள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட, யூசுப் மேலே போய்விட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு ஆறாம் மதகு அடைபட்டது.

அதிலிருந்து ஊர் தெளிவாகிவிட்டது. ஜீப் அவர் வாசலில் நின்றால், தாளில் என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, விவசாயிகள் யூரியா வாங்கிவைப்பார்கள், இல்லாவிட்டால் யூசுபிடம் மோட்டாரை வாடகைக்கு எடுப்பார்கள். யூசுபுக்கு வியாபாரம் சூடுபிடித்ததும் நாலு பேர், எல்லாம் அவர் வேலைதானோ என்று கண்ணைச் சிமிட்டிச் சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்படுவதில் ஊருக்கே முன்னோடியான இளையபெருமாள் அதில் மட்டும் சேரவில்லை. ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை; கடை வாசல்வரை போய், வால்வு விலை விசாரித்துத் திரும்பினார்.

ஐப்பசியில் ஒருநாள் பிரின்டர், இளையபெருமாள் முகம்மது யூசுபிடம் மன்னிப்புக் கேட்க முயன்றதாக ஒரு தாள் அடித்தது. இதற்குக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று பஞ்சநதம் அதை யூசுபின் கடையிலேயே கொடுத்துவிட்டார். யூசுப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஞ்சநதத்துக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆண்டு முடிவில் மதகூர்க் கணக்கு இது. முன்னெச்சரிக்கைக் கைது: பத்தொன்பது. நடந்த போராட்டம்: இல்லை. மன்னிப்பு: பெற்றுக்கொண்டது ஒன்று, கேட்டது இல்லை.