பாதி மருந்து

ஹாரன் அலறிய வேகத்தில் தப்புச் சத்தம் பட்டென்று நின்றது.

அப்பாவைக் குளிப்பாட்ட எடுத்த நீர்மாலைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பிய விஜயராணி நிமிர்ந்தாள். அவளுக்கு மேலே வேட்டியை விரித்துப் பிடித்திருந்த நால்வரில் ஒருவர் கையை விட்டுவிட, ஒரு மூலை சரிந்து அவள் முகத்தில் விழுந்தது. விலக்கிப் பார்த்தபோது, பந்தல்காலை இடிக்காத குறையாக ஒரு போலீஸ் ஜீப் நின்றிருந்தது.

“ஜீப்பைக் கொஞ்சம் பின்னாடி எடுக்கச் சொல்லுங்க மேடம். பாடைத் தேர் இங்கதான் வந்து நிக்கணும்” என்றார் பெரியப்பா முறையான மகேஸ்வரன்.

“தேர் இருக்கட்டும். நான் சொன்னப்புறம் வரலாம்” என்றபடி இறங்கினார் எஸ்.ஐ. டெல்பின்.

வாசல் பெஞ்சில் வீரமலை கிடந்தார். அறுபத்திரண்டு வயது. நேற்றுக் காலை மக்காச்சோளக் காட்டுக்கு மருந்தடிக்கப் போனவர், பத்து மணிக்கு மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி முடிந்துபோயிருந்தார். நெஞ்சுவலி என்று ஊர் சொன்னது. துறையூரிலிருந்து வந்து பார்த்த டாக்டரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்.

“கண்ட்ரோல் ரூமுக்கு ஒரு போன் வந்திருக்கு” என்றார் டெல்பின். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் பந்தல் முழுக்கக் கேட்டது. “இவரு மருந்து குடிச்சுட்டாருன்னு சொல்றாங்க.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வள்ளிக்கண்ணு அழுகையை நிறுத்தினாள்.

“எங்க வீட்டுக்காரரா? டீயவே ஊதி ஊதித்தாங்க குடிப்பாரு. மருந்து குடிச்சாராம், மருந்து!”

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

வீட்டுக்குள்ளிருந்து அரவிந்தன் ஈர வேட்டியோடு ஓடிவந்தான். விஜயராணியின் தம்பி, ஆறு வயது இளையவன். துறையூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறான். கையில் டாக்டர் கொடுத்த சீட்டு தயாராக இருந்தது. நீட்டினான். டெல்பின் படித்துவிட்டு மடிப்பதற்குள், “ஜெராக்ஸ் வேணும்னா எடுத்துக்குங்க மேடம்” என்று இன்னொரு தாளையும் நீட்டினான்.

விஜயராணி குடத்தை இறக்கி வைத்தாள்.

இழவு வீட்டில் எவன் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பான்?

நேற்று, தான் குடியிருக்கும் கைலாசபுரத்திலிருந்து அவள் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோதே அவன் சொன்ன முதல் வார்த்தை, “இன்னைக்கே எடுத்துடலாம்க்கா” என்பதுதான். சென்னையிலிருந்து சித்தப்பா வர வேண்டும் என்று இவள்தான் தடுத்தாள். துக்கத்தில் பதறுகிறான் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

“நேத்துக் காலையில நீங்க எங்க இருந்தீங்க?” டெல்பின் அவனைக் கேட்டார்.

“காந்தி மார்க்கெட் பக்கத்துல சரக்கு எடுத்துக்கிட்டிருந்தேன் மேடம். போன் வந்துதான் ஓடியாந்தேன்.”

“எத்தனை மணிக்கு?”

“பத்து... பத்தேகால்.”

டெல்பின் எழுதிக்கொண்டார். பிறகு விஜயராணியிடம் திரும்பினார். “நீங்க மகளா? இங்க பாருங்கம்மா. வீட்டு ஆளுங்களுக்குச் சாவுல சந்தேகம் இல்லன்னா எழுதிக் குடுங்க, நான் பாட்டுக்குப் போறேன். உங்க அம்மா, தம்பி, நீங்க. மூணு கையெழுத்து. ஒருத்தர் இல்லன்னாலும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துத்தான் பாக்கணும். உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?”

ஒரே ஒரு சொல். ‘இல்லை’ என்று சொன்னால் போதும். அது அவள் வாயிலிருந்து வரவில்லை.

டெல்பின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைத் திருப்பினார். “ஒரு மணி நேரம் இங்கதான் இருப்பேன். யோசிச்சுச் சொல்லுங்க.”

அரவிந்தன் அக்காவைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

வள்ளிக்கண்ணு மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பிடி இரும்பு மாதிரி இருந்தது.

“கையெழுத்துப் போட்டுரு விஜயா.”

“என்னம்மா நடந்துச்சு?”

“எனக்கு என்னா தெரியும்? ஒரு வாரமா ரெண்டு பேரும் பேசிக்கல. சோத்தைப் போட்டா அவரு கொல்லைப்புறம் உக்காந்து சாப்பிடுறாரு, இவன் கூடத்துல உக்காந்து சாப்பிடுறான்.” அம்மா அவள் காதருகே வந்தாள். “எனக்கு மிச்சம் ஒருத்தன்தான் இருக்கான். போட்டுரு.”

தம்பி மேல் சந்தேகம் தனக்கு மட்டும்தான் என்று விஜயராணி எண்ணியிருந்தாள்.

பெண்கள் கூட்டத்தை விட்டு விலகி அவள் பின்கட்டுக்கு வந்தபோது, வேலியோரம் ராசாத்தி நின்றிருந்தாள். பக்கத்துக் காட்டுக்காரி. வீரமலையை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

“போன் போட்டது நான்தான்” என்றாள் ராசாத்தி. “அடிக்கணும்னா அடிச்சுக்க.”

“எதுக்கு அத்தை? இப்படி அவரை நடுவாசல்ல போட்டு...”

“முதல்ல காட்டைப் பாரு. அப்புறம் கேளு.”

நடந்தார்கள். ராசாத்தி முன்னால், இவள் பின்னால். வழி நெடுக ஆள் உயர மக்காச்சோளம், பூ எடுத்த பயிர். பச்சையாக இருக்க வேண்டிய காடு சாம்பல் பூத்துக் கிடந்தது. இலைகளில் சுருட்டு நீளத்துக்குப் பழுப்புத் தழும்புகள். ஒன்றோடொன்று சேர்ந்து, கீழிலைகள் முழுசும் காய்ந்து தொங்கின. காற்றடித்தபோது பச்சை இலையின் சத்தம் வரவில்லை. காகிதம் கசங்குவதுபோல் கேட்டது.

“இலைக்கருகல்” என்றாள் ராசாத்தி. “இது என் காடு. கதிரு எல்லாம் சுண்டுவிரல் தண்டி. போன வருஷமும் வந்துச்சுதான். பூஞ்சாண மருந்தை ரெண்டு தடவை முழுசா அடிச்சோம், நின்னுபோச்சு. இந்த வருஷம் உன் தம்பி ஒரு டானிக்கைக் கொண்டாந்தான். ‘இதைச் சேத்து அடிங்க, பயிருக்கே எதிர்ப்புச் சக்தி வந்துரும். மருந்து பாதி போதும்’னான். நாங்க யோசிச்சோம். உங்கப்பாதான், ‘என் மகன் படிச்சவன், சொல்றான், அடிங்க’ன்னாரு. அண்ணன் சொன்னாருன்னு ஊரே அடிச்சுது.”

“அப்பா காட்டுலயும் இப்படித்தானா?”

“வந்து பாரு.”

வீரமலையின் காட்டில் முதல் பத்து வரிசை கரும்பச்சையாக நின்றது. ஒவ்வொரு வரிசையின் தலைப்பயிரிலும் மஞ்சள் துணி கட்டியிருந்தது, அவருடைய பழைய துண்டைக் கிழித்து. அடுத்த பத்து வரிசையில் சிவப்புத் துணி. அங்கிருந்து எல்லாம் கருகிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல் ஒரு எல்லை.

“மஞ்சளுக்கு வெறும் மருந்து, முழு அளவு. செவப்புக்குப் பாதி மருந்து, கூட உன் தம்பி டானிக்கு. ஊரு ஏசுறதைத் தாங்க முடியாம, அவரே சோதனை பண்ணிப் பாத்திருக்காரு. அவன்கிட்ட சொல்லல. விடிஞ்சா இங்க வந்து இலையைத் தடவிக்கிட்டு நிப்பாரு. ‘என்னாண்ணே’ன்னு கேட்டா, ‘ஒண்ணுமில்ல போ’ம்பாரு.”

விஜயராணி சிவப்புத் துணி கட்டிய பயிரின் ஓர் இலையைப் பிடித்தாள். விரலில் பொடியாக உதிர்ந்தது.

“அப்ப அந்த டானிக்தான் பயிரை எரிச்சிருக்கு.”

ராசாத்தி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். “பயிரை மட்டுமா?”

“அத்தை!”

“நேத்துக் காலையில உன் தம்பி இங்க வந்தான் விஜயா.”

“அவன் காந்தி மார்க்கெட்ல...”

“அப்படின்னு சொல்லிக்கிறான். நான் மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு அந்த வரப்புலதான் உக்காந்திருந்தேன். முதல்ல சத்தம். என்னா பேசுனாங்கன்னு கேக்கல. அப்புறம் உங்கப்பா அந்த டானிக் கேனைத் திறந்து, மூடியில ஊத்தி, வாயில வச்சாரு. ரெண்டு கண்ணால பாத்தேன். இவன் எதுத்தாப்புல நிக்கிறான், தடுக்கல. கொஞ்ச நேரத்துல வண்டி கிளம்பிப் போற சத்தம். நான் தண்ணி குடிக்கலாம்னு போறேன்... கண்ணு திறந்தபடி உக்காந்திருக்காரு.”

“இதை நேத்தே ஏன் சொல்லல?”

“யாருகிட்ட சொல்றது? உங்கம்மாகிட்டயா?” ராசாத்தி கொட்டகைப் பக்கம் கை நீட்டினாள். “அந்தக் கேன் இன்னும் கொட்டகையிலதான் கெடக்கு. போலீஸு வந்து எடுக்கட்டும்னுதான் போன் போட்டேன்.”

விஜயராணி வரப்பில் ஓடினாள். சோள இலைகள் கையையும் கழுத்தையும் அறுத்தன. ராசாத்தி பின்னாலிருந்து என்னவோ கத்தினாள்.

மோட்டார் கொட்டகையின் தகரக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அரவிந்தன் இருந்தான். ஈர வேட்டியில் மண் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் கையில் இருந்ததை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான், சின்ன வயசில் பிடிபட்டதுபோல. ஆனாலும் தெரிந்தது. ஐந்து லிட்டர் கேன். பச்சை லேபிள். ‘கடல்பாசிச் சாறு, மூலிகைச் சத்து’ என்று அச்சடித்து, கீழே அவனுடைய கடைப் பெயர்.

“எங்கடா கொண்டுபோற அதை?”

“வீட்டுக்குப் போக்கா. எல்லாரும் தேடுவாங்க.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“போலீஸு இங்க வந்து பாத்தா வேற மாதிரி நினைப்பாங்க. அதான்.”

“வேற மாதிரின்னா?”

கொட்டகைக்குள் இன்னும் மருந்து நெடி இருந்தது. மூலையில் அப்பாவின் பேட்டரி ஸ்பிரேயர், பாதி டேங்க் கலந்த மருந்தோடு அப்படியே நின்றது. சுவரில் அவர் தலை சாய்ந்திருந்த இடத்தை அவள் பார்த்தாள். உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

“நேத்து நீ இங்க வந்திருக்க.”

“யாரு சொன்னா?”

“வந்தியா இல்லையா?”

“...வந்தேன்.”

“அப்புறம் எதுக்கு மார்க்கெட்டுன்ன? எதுக்கு நேத்தே எடுத்துடலாம்னு குதிச்ச? அந்தச் சீட்டுக்கு எதுக்குடா ஜெராக்ஸ்?” அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபத்துக்குப் போறதுக்கு வேன்கூடச் சொல்லி வச்சிருக்கியாமே. இன்னும் கொள்ளியே வைக்கல, அஸ்தி கரைக்க அவசரம்!”

“அக்கா, மெதுவாப் பேசு.”

“அவரு இதை வாயில வச்சதைப் பாத்த ஆளு இருக்கு. நீ எதுத்தாப்புல நின்னதையும் பாத்த ஆளு இருக்கு. ஊரு காட்டை எரிச்ச, அது பத்தலையா?”

அவன் கேனை மார்போடு அணைத்துக்கொண்டான்.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பா பெரியாஸ்பத்திரிக்குப் போகட்டும். இந்தக் கேன் லேபுக்குப் போகட்டும். உன் மேல தப்பு இல்லன்னா தைரியமாக் குடு.”

அரவிந்தன் கேனின் மூடியை இறுக்கித் திருகினான்.

“அப்பாவை வேணா கொண்டுபோகச் சொல்லுக்கா” என்றான் கடைசியில். “கேன் மட்டும் வேண்டாம்.”

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பெற்றவர் உடம்பை அறுக்கட்டும் என்கிறான். பிளாஸ்டிக் கேனைக் கொடுக்க மாட்டேன் என்கிறான்.

வெளியே வந்து வரப்பில் நின்றபடி மகேஸ்வரன் பெரியப்பாவின் நம்பரைத் தேடினாள். அவரிடம் சொன்னால் எஸ்.ஐ.யிடம் போனைக் கொடுத்துவிடுவார். இரண்டு தடவை தவறான பேரை அழுத்தினாள். மூன்றாவது தடவை ரிங் போனது.

“அக்கா.”

திரும்பினாள். அவன் வாசலில் நின்றிருந்தான். கேனின் மூடியைத் திருகிக் கீழே போட்டான். அவள் என்னவென்று உணர்வதற்குள் கேனை இரண்டு கையாலும் தூக்கி வாயில் கவிழ்த்தான்.

“டேய்! டேய் அரவிந்தா!”

போன் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பாய்ந்து கேனைத் தட்டிவிட்டாள். அவன் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டாள். அவன் அதற்குள் விழுங்கியிருந்தான். அவள் உள்ளங்கை, அவன் மார்பு, வேட்டி, எல்லாம் பழுப்பாக வழிந்தது. “துப்புடா! ராசாத்தி அத்தை, ஓடியாங்க! யாராவது வாங்களேன்! பாவி, துப்புடா, அப்பா ஒருத்தரு போனது போறாதா!”

அவன் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினான். நிதானமாகத்தான் பிடித்தான். வாயைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“ஒண்ணும் ஆகாதுக்கா. வெல்லத்தண்ணியும் சாயமும்தான். பாதி மருந்துல நோய் நிக்கல, லேபுக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிரும். அப்பா நாக்குல வச்சாரு, அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாரு.”